மீனையும் விட்ட தபசு காலம்

நான் கத்தோலிக்கன். துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். போன வருடம் ஊழியர் விளையாட்டுப் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த கையோடு ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலமும் வந்தது. வழமைபோல் இறைச்சியை விட்டேன்.

காலையில் என்னோடு ஓடுகிறவர் பக்கத்து மேசைச் செல்வரத்தினம். சைவர். "விரதமெண்டா மீன், முட்டையும் கூடாதெல்லோ?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றோடு அவற்றையும் விட்டேன். துடிக்கிற மீன் வாசலுக்கே வரும் ஊரில், மூன்று கிழமை சோறும் பருப்பும் கீரையும்தான்.

ஒரு புதன்கிழமை கடற்கரை வீதியில் ஓடும்போது கண் இருண்டு விழுந்துவிட்டேன். பின்னால் வந்த லொறி என் தலைக்கு ஒரு முழத்தில் நின்றது. சாரதி ஏசிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது.

செல்வரத்தினம் என்னைத் தூக்கி இருத்தினார். "என்ன சாப்பிட்டனீங்கள்?"

"நீங்கள் சொன்னபடிதான். மூண்டு கிழமையா மீன் தொடேல்லை."

அவர் முழித்தார். "ஒவ்வொரு நாளுமோ? நான் வெள்ளியில மட்டுந்தானே விரதம்! நேற்றும் சூரைமீன் குழம்புதான்."

எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமியாரிடம் போய்ச் சொன்னேன். "மீனை ஆர் விடச் சொன்னது?" என்று அவரும் முழித்தார்.

அப்படியென்றால் அந்த மூன்று கிழமையும் நான் பிடித்தது யாருடைய விரதம்?

இந்தத் தபசு காலத்திலும் இறைச்சி இல்லை. மீன் தாராளமாகச் சாப்பிடுகிறேன். வெள்ளியில் மட்டும் மீனும் இல்லை, ஓட்டமும் இல்லை. செல்வரத்தினமும் நானும் நடக்கிறோம். அது எந்தச் சமயத்தில் சேர்த்தி என்று நான் ஒருவரையும் கேட்கப் போவதில்லை.