கைமாத்துச் சோலையப்பன்

வெயில் சற்று ஏறியதும் சோலையப்பன் பேட்டரிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். தகரக் கொட்டகைக்கு வெளியே ஒரு சிமெண்டுச் சாக்கை விரித்து, நான்கையும் வரிசையாக வைத்து, வற்றல் புரட்டுவதுபோல் கால்மணிக்கு ஒரு தடவை புரட்டிப்போடுவார். செத்த பேட்டரிக்கு வெயில் கொஞ்சம் உயிர் கொடுக்கும். "இன்னும் ரெண்டு கேசட்டு ஓடும் சார்" என்பார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. டேப் ரெக்கார்டர் என்னுடையது. பேட்டரி அவர் பொறுப்பு.

அபுதாபியிலிருந்து நூற்றைம்பது மைல் தள்ளி, மணலுக்கு நடுவே, சாலை போட வந்தவர்களின் முகாம் அது. நான் ஆட்களின் வேலை நேரம் குறிக்கும் டைம்கீப்பர், யாழ்ப்பாணத்தான். அவர் கொத்தனார், முதுகுளத்தூர்ப் பக்கம். எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்ததும் எங்கள் முதலாளி கண்ணில் படுவதை நிறுத்திக்கொண்டார். ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. முகம்மது யூசுப் ஓட்டிவரும் தண்ணீர் லாரிதான் எங்களுக்கும் உலகத்துக்கும் இருந்த தொடர்பு. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக் காட்டினால் நகரத்து ஆபீசில் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த அளவுக்குத்தான் தயவு மிஞ்சியிருந்தது.

டிக்கெட்டுக்குப் பணம் இருந்த ஒரே இடம் சோலையப்பனின் பால்மா டின். சம்பளம் ஒழுங்காக வந்த நாளில் தலைக்கு இருபது திர்ஹம் போட்டுச் சேர்த்தது. அவசரம் என்று வந்தவருக்கு அதிலிருந்து கைமாத்து கொடுப்பார். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. பேருக்கு ஒரு வட்டி வைத்தால் டின் சீக்கிரம் நிரம்புமே என்று ஒருவர் வாய்விட்டுவிட, மனிதர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "வட்டின்னு இன்னொரு வாட்டி பேச்செடுத்தீங்க, டின்னைக் கொண்டுபோயி மணல்ல பொதைச்சிருவேன்!" ஏஜெண்டுக்குக் கொடுக்க அஞ்சு வட்டிக்கு வாங்கி, நிலத்தை இழந்தவர் அவர். மிச்சக் கடனை அடைப்பதற்காக ஆறு வருஷமாக லீவில்கூடப் போகவில்லை. டின்னை வைத்திருப்பவன் டின்னில் கைவைக்கக் கூடாது என்பதும் அவரே போட்ட சட்டம்.

கடன் கேட்டு வருபவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். டின் மூடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே காதுகொடுப்பார். அந்த மூடி அவ்வளவு பளபளப்பாக இருந்ததற்குக் காரணம் எங்கள் கஷ்டம்தான். "கேக்குறவன் மூஞ்சியைப் பாக்கக் கூடாது சார். பாத்துட்டா அடுத்த வாட்டி வரமாட்டான்."

எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி வடிவுக்கும் தெரியாது, ஆகவே கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பும் கேசட்தான். மற்றவர்கள் ஊரிலிருந்து வந்த கேசட்டின் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார்கள். இவர் மட்டும் புதுக் கேசட் வாங்குவார். பீடியைப் பாதியில் அணைத்துக் காதில் செருகும் சிக்கனக்காரர், வடிவு பேசிய எட்டுக் கேசட்டையும் தலைமாட்டில் வைத்திருந்தார். ஒன்றைக்கூட அழித்தது கிடையாது.

சம்பளம் நின்றபின் கைமாத்து எல்லாம் டிக்கெட்டுக்குத்தான் என்றானது. ஊருக்குப் போய்விட்டவன் பணத்தைத் திருப்புவானா? சோலையப்பன் அதற்கும் ஒரு வழி கண்டார். போகிறவர் அந்தத் தொகையை முகாமில் இன்னும் இருக்கும் ஒருவருடைய வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 'பணம் வந்தது' என்று அந்த வீட்டார் கேசட்டில் சொல்வது முகாமில் அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும். முதலில் போன இருவரும் சொன்னபடி கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் ரகுநாதன். சீட்டாட்டக்காரன், அவனை நம்பாதீர்கள் என்று ஆளாளுக்கு முறுக்கிக்கொண்டார்கள். "இருக்கட்டும்பா. அவன் எங்க வீட்டுக்குக் கொடுக்கட்டும்" என்று சோலையப்பன் முடித்துவிட்டார்.

நான்காவதாகப் போக வேண்டியவர் முனியசாமி. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது, உடனே ஊருக்கு அனுப்புங்கள் என்று நகரத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் முகாமில் பேச்சு மாறியிருந்தது. "உங்க வீட்டுக்கே அவன் கொடுக்கலேன்னா, எங்க வீட்டுக்கு எவன் கொடுப்பான்? ரகுநாதன் பணம் வந்துச்சுன்னு கேசட்டு வரட்டும். இல்லாட்டி டின்னைப் பங்கு போட்ருங்க." முப்பத்தொரு பேருக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கும் டிக்கெட் கிடைக்காது. முனியசாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முனியசாமி இப்போது ஊரில் வைத்தியம் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே மீதியை எழுதலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை யூசுப் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடிக் கேட்பதென்று ஏற்பாடு. அதற்கு முன் என் அறையில், சத்தத்தைக் குறைத்து, நாங்கள் இருவரும் கேட்டோம். வடிவின் குரல் நிதானமாக வந்தது. "ரகுநாதன் தம்பி வந்துச்சுங்க. கையில ஒண்ணுமில்லைன்னுச்சு. எந்திரிச்சுப் போறப்ப அழுதுச்சு. நான் ஒண்ணுங் கேக்கல. தோட்டை அடகு வச்சு இந்த மாசத்தை ஓட்டியாச்சு."

அதன்பின் ஏதோ தள்ளுமுள்ளு. ஒரு சின்னக் குரல். அவர் புறப்பட்டு வந்தபின் பிறந்த மகள். மைக்கைக் கண்டால் ஓடிவிடுவாளாம். எட்டுக் கேசட்டிலும் அவள் இல்லை. "அப்பா, நான் ஒண்ணாப்பு போறேன். மாமா பணம் கொண்டாந்தா சிலேட்டு வாங்கித் தாரேன்னு அம்மா சொன்னுச்சு. மாமா கொண்டாரலப்பா. நீங்க கொண்டாங்க."

அந்த இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டி மூன்று தடவை கேட்டார். எனக்குக் கோபம் பொங்கியது. ரகுநாதன்மேலா, முதலாளிமேலா, இந்த மனிதர்மேலா, சொல்லத் தெரியவில்லை.

"சார், ரகுநாதன் குடுத்துட்டான்னு நான் சொல்லப்போறேன். நீங்களும் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க எழுதுற டூட்டி நோட்டையே நம்புறவனுக, உங்க பேச்சை நம்புவானுக."

"கேசட்டைப் போடச் சொல்லிக் கேப்பினமே, அண்ணை?"

"தப்பான பட்டனை அமுக்கிட்டேன், அழிஞ்சுபோச்சும்பேன். படிக்காத முட்டாளுன்னு வைவானுக. வையட்டும்."

"பிள்ளையின்ர குரலை மட்டுமாவது விடுங்கோ."

"அவதான சார் போட்டுக் குடுக்குறா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

வெளியே சாப்பாட்டுத் தட்டுகள் கழுவும் சத்தம் ஓய்ந்திருந்தது. யாரோ, "சோலையண்ணே, வரலாமா?" என்று கூப்பிட்டார்கள். "பத்து நிமிசம்பா" என்றார்.

காலையில் காயவைத்த பேட்டரிகளில் இன்னும் உயிர் இருந்தது. கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றினார். கறுப்புப் பொத்தானையும் பதிவுக்கான சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். கேசட் சுழலத் தொடங்கியதும் தோளிலிருந்த துண்டை எடுத்து, சத்தம் எதுவும் அதில் விழுந்துவிடாதபடி, தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.