அப்பாவின் காலைத் தொடுவது

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தது சாப்பாட்டுக்காக அல்ல. மேடையில் நானும் மாப்பிள்ளையும் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தோம். அப்பா சட்டென்று பின்னால் நகர்ந்து, "நிமிருங்க. மனுசன் கால்ல மனுசன் விழக் கூடாது" என்று சொல்லி, எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். மில் யூனியனில் ஊறிய மனிதர். முதலாளி காலில் விழமாட்டோம் என்று அங்கே தொடங்கியது எங்கள் வீட்டுக்குள்ளும் சட்டமாகிவிட்டது. பொங்கலன்று அம்மா குனியப் பார்ப்பாள். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார். "உங்கப்பா காலு என்ன புதையலா?" என்று அம்மா என்னிடம்தான் எரிந்து விழுவாள்.

மில்லை மூடிய பிறகும் முதலியார்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலைக்கு நடந்தே போய்வருவார். போன வருடம் வழியெல்லாம் நின்று நின்று சுவரொட்டி படிக்க ஆரம்பித்தார். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, எதையும் விடவில்லை. வயதானால் இப்படித்தான் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். கெண்டைக்கால் வலியில் நிற்பதற்கு அது சாக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. இடதுகால் சுண்டுவிரல் கருத்துப்போன பிறகுதான் அம்மா பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாதத்தைத் தொட்டதும் அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

"கூச்சமா ஐயா?"

"கூச்சம் இல்லம்மா. கொள்கை."

"அதை செருப்போட வெளிய விட்டுட்டு வாங்க" என்றார் அவர். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

சர்க்கரையும் பீடியும் சேர்ந்து முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாயை அடைத்திருந்தன. முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிடலாம். இல்லையென்றால் அதே காலிலிருந்து வேறொரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புதுவழி போட்டு, ரத்தத்தைப் பாதத்துக்கு இறக்கலாம். ஆனால் அப்பாவின் இதயம் பலவீனம், உடம்பில் சதையே இல்லை. ஆபரேஷன் தாங்குவாரா என்பதற்கு டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. காலை எடுத்தால் இந்த வயதில் திரும்ப எழுந்து நடப்பது கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை. அப்பா, "பீச்சுக்கு நடந்து போவணும். அதுக்கு எது வழியோ அதச் செய்யுங்க" என்றார்.

புதுவழியே போட்டார்கள். பிழைத்தார். சுண்டுவிரல் போனது, பாதம் மிஞ்சியது. டாக்டரம்மா பாதத்தின் மேல் துடிப்பு கிடைக்கும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். காலையும் மாலையும் அங்கே விரல் வைத்துப் பார்க்கவேண்டும், துடிப்பு கிடைக்காவிட்டால் உடனே ஓடிவரவேண்டும். அப்பாவால் அவ்வளவு தூரம் குனிய முடியாது.

"அதுக்கு மிசின் ஏதும் இல்லையாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"ஏன், உங்க வீட்ல யாருக்கும் விரல் இல்லையா?"

அம்மா அந்த வேலையை எனக்கு விட்டுத்தரவில்லை. தினமும் குளித்துவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து குறியின் மேல் விரல்களை வைப்பாள். அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். துடிப்பு கிடைத்ததும் அம்மா விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"தொட்டுப் பாக்கத்தான் சொன்னாங்க. கண்ணுல ஒத்திக்கச் சொல்லல."

"என் விரலு, என் கண்ணு. உங்க யூனியனுக்கு என்னா?"

நானும் அப்பா கட்சிதான். யார் காலிலும் விழுந்ததில்லை. ஆனாலும் அம்மாவைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் காலையில் சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு அம்மாவின் போன் வந்தது. "துடிப்பு கெடைக்கலடீ. காலு ஜில்லுனு இருக்குது." நான் ஸ்கூட்டரில் பறந்தேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே படுக்கவைத்த பிறகு அப்பா டாக்டரம்மாவிடம், "போயிடுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மில்லை மூடிய அன்றுகூட அவர் அப்படிப் பேசவில்லை.

டாக்டரம்மா விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சின்னக் கருவி ஒன்றைப் பாதத்தில் வைத்தார். வுஷ், வுஷ் என்று சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அன்று காலைக் குளியலில் குறி அழிந்திருந்தது. ஈரக்காலோடு மின்விசிறிக்கடியில் படுத்திருந்தவரின் பாதத்தில், அம்மா இடம் தள்ளித் தேடியிருக்கிறாள். "இப்ப நல்லா ஓடுது. எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. பாத்துக்கிட்டே இருங்க" என்று டாக்டரம்மா புதுக் குறி போட்டுக் கொடுத்தார். அம்மா அங்கேயே வாய்விட்டு அழுதாள்.

அன்று மாலை நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அம்மா குறியின் மேல் விரல் வைத்து, "இருக்குது" என்று சொல்லிக் கையை எடுக்கப் போனாள். அப்பா அன்று மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"என்னா அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிரு" என்றார்.

அம்மா கையை எடுக்கவில்லை. உள்ளே பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்க நான்தான் ஓடினேன்.