ஆறாவது இதழ்

எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் அல்ல. நாலு பேர் பார்த்தாலே நாக்கு உள்ளே போய்விடும். தாராவியில் எங்கள் சந்தில்கூடப் பலருக்கு என் குரல் தெரியாது. இன்ஜினுக்குப் பேச்சு தேவையில்லை. குர்லாவில் ஒரு பட்டறையிலிருந்து போய், படகு ஜெனரேட்டர்களின் கூலிங் வேலையைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன்.

அன்று காலை ஒரு படகிலிருந்து அழைப்பு வந்தது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகும் படகு. ஜெனரேட்டர் சூடேறி நின்றுவிட்டது. பம்பைத் திறந்தேன். கடல்தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லர், ரப்பரில் செய்த ஆறிதழ்ப் பூ மாதிரி இருக்கும். அதில் மூன்று இதழ்கள் பிய்ந்திருந்தன. யாரோ கடல் வால்வைத் திறக்காமல் ஓட்டியிருக்கிறார்கள்.

புதியதை மாட்டி ஓட்டிவிட்டு, பிய்ந்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு செய்தித்தாளில் வைத்துப் பூவைச் சேர்த்துப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஐந்து இதழ் கூடியது. ஆறாவது இல்லை.

பம்பில் இல்லையென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போயிருக்கும். அதற்குள் பென்சில் கனத்தில் குழாய்கள். அவற்றில் கடல்தண்ணீர் ஓடித்தான் இன்ஜின் தண்ணீரைக் குளிரவைக்கும். ரப்பர் அவற்றின் வாயில் உட்கார்ந்தால் கரையில் ஒன்றும் தெரியாது. கடலுக்குள் போய் ஜெனரேட்டருக்கு முழு வேலை வந்ததும் மறுபடி சூடேறும். அந்தப் படகில் சுக்கான் மின்சாரத்தில் திரும்புவது. ஜெனரேட்டர் நின்றால் திரும்பாது. கப்பல்கள் வரும் வழியில் எட்டுப் பேர் மிதந்துகொண்டிருப்பார்கள்.

மூடியைத் திறக்க இரண்டு மணி நேரம் வேண்டுமென்று கேட்டேன். படகுக் கம்பெனியின் இன்ஜினியர் மீட்டரைக் காட்டினார். சூடு சரியாக இருக்கிறது, துண்டு தண்ணீரோடு வெளியே போயிருக்கும், கடலில் ஏறிய தண்ணீர் வடியுமுன் படகு கிளம்ப வேண்டும் என்றார். வேலை முடிந்தது என்று அவரே ஆங்கிலத்தில் நிரப்பிய ரிப்போர்ட்டை நீட்டினார். நான் பேனாவை வாங்கவில்லை. “அங்கூட்டா சாப்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். கைநாட்டு என்று அர்த்தம். மை டப்பா கொண்டுவரச் சொல்லவா என்றும் கேட்டார்.

பேனாவை வாங்கினேன். கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு, குறிப்பு எழுதும் கட்டத்தில் தமிழில் பெரிதாக எழுதினேன்: ‘ஒரு இதழ் கிடைக்கவில்லை. உள்ளே இருக்கிறது. மூடி திறக்கவில்லை. திறக்க விடவில்லை.’ கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன்.

இது என்ன கிறுக்கல் என்றார் இன்ஜினியர். நான் காகிதத்தைப் படகை ஓட்டும் ஸ்ராங்கிடம் கொடுத்தேன். தூத்துக்குடிக்காரர். காலையில் அவர் வீட்டுக்குப் போன் பேசியதைக் கேட்டிருந்தேன்.

அவர் கண்ணாடி மாட்டி இரண்டு முறை வாசித்தார்.

“ஏ, நீ தமிழாடே? காலையிலேருந்து வாயத் தொறக்கலியே?”

“நீங்க கேக்கலியே அண்ணாச்சி.”

“உள்ளதான் இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமா?”

“இல்லன்னா என் கைக்கு வந்திருக்கும்.”

இந்தக் காகிதம் இப்படி இருக்கும்வரை கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று ஸ்ராங்கு இந்தியில் சொல்லிவிட்டார். இன்ஜினியர் பட்டறைக்குப் போன் போட்டு, இனி இந்த ஆளை அனுப்பாதே என்றார், எனக்குக் கேட்கும்படி. கேட்டுக்கொண்டே போல்ட்டுகளைத் தளர்த்தினேன்.

மூடி கழன்று வந்தது. மூன்று குழாய்களை அடைத்துக்கொண்டு ஆறாவது இதழ் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் விறைத்துக் கல்லாகிப்போன இன்னொரு இதழ். அது இந்த இம்பெல்லருடையது அல்ல. எனக்கு முன்னால் யாரோ எண்ணாமல் மூடி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்ல ஆங்கிலத்தில் போட்டிருப்பார்.

இரண்டையும் செய்தித்தாளில் வைத்து இன்ஜினியர் முன்னால் விரித்தேன். பூவுக்கு இப்போது ஏழு இதழ்.

எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிக் காட்டியபின் ரிப்போர்ட் மறுபடி வந்தது. முன்பு எழுதியதை அடித்துவிடச் சொன்னார். அடிக்கவில்லை. அதன் கீழே ‘கிடைத்தது. இரண்டு’ என்று எழுதி, தமிழில் கையெழுத்துப் போட்டேன்.