கைப்பிடியில் கட்டிய முடி

ஷார்ஜா ரோலாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு மாமா வந்தபோது எனக்கு ஏழு வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர்னியோ பக்கம் எண்ணெய் ரிக்கில் காண்ட்ராக்ட் முடித்தவர், ஊருக்குப் போகாமல் எங்கள் ஹாலில் பாய் விரித்தார். லீவில் எல்லோரும் பெண் பார்க்கப் போவார்கள். இவருக்கு இங்கே என்ன வேலை என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம்.

பெட்டியிலிருந்து அவர் எடுத்தது ஒரு நீளக் கத்தி. அங்குள்ள தயாக் மக்களுடையதாம். மான்கொம்புக் கைப்பிடியை வாய் பிளந்த ஏதோ மிருகத்தின் முகமாகச் செதுக்கியிருந்தார்கள். மர உறை முழுக்கச் சுருள் சுருளாக வேலைப்பாடு. இடுப்பில் கட்டப் பிரம்பு வார், அதில் பாசிமணியும் கரடிப்பல்லும். அதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. கைப்பிடியில் கொத்தாகக் கட்டியிருந்த கறுப்பு முடிதான் பிடிக்கவில்லை.

"இது யாரு முடி மாமா?"

"முன்னாடி, சண்டையில தோத்தவன் முடியக் கட்டுவாங்களாம் தாயி. இப்பல்லாம் ஆட்டு முடிதான்."

சொல்லும்போது சிரித்தார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அப்பா டூட்டிக்குப் போனபின் மாமா அம்மாவை டாக்ஸியில் எங்கோ கூட்டிப்போவார். திரும்பி வரும்போது அம்மாவின் கையில் பிளாஸ்திரி இருக்கும். சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். கேட்டால் கடைக்குப் போனோம் என்பார்கள். பை ஒன்றும் இருக்காது, ஆஸ்பத்திரி மருந்து வாடைதான் அடிக்கும்.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் ஸ்பேனர்களோடு அந்தக் கத்திக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். வைத்துவிட்டுத் தலைமுடியை ஒதுக்கியபோது ஒரு கற்றை கையோடு வந்துவிட்டது. மாமா சட்டென்று அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். அம்மாவின் தலையணையைக் காலையில் முதலில் தட்டுவது மாமாதான். உதிர்ந்ததைப் பேப்பரில் மடித்து எடுத்துப் போவார். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். அவரும் உடந்தை என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் அம்மா தலையில் துணி சுற்றியிருந்தாள். இழுத்துப் பார்த்தேன். மொட்டை.

"வேண்டுதல்டி," என்றாள்.

மொட்டை போட ஊர்க் கோயிலுக்கல்லவா போவோம்? ரோலாவில் எந்தச் சாமி முடி கேட்டது? தோற்றவர்கள் முடியைத்தான் கட்டுவார்கள் என்று மாமா சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் அம்மா தோற்றுவிட்டாளா? கத்தியை உறையோடு இழுத்துக்கொண்டு போய் மாமா முன்னால் போட்டேன்.

"அம்மா முடிய நீங்கதான எடுத்தீங்க? திருப்பிக் குடுங்க."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா முந்திக்கொண்டார்.

"ஆமா தாயி, நாந்தான் எடுத்தேன். குடுத்துர்றேன். கொஞ்சம் டைம் குடு."

திருடன் ஒப்புக்கொண்டுவிட்டான். அம்மாவோ அவரைத் திட்டாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாமாவோடு பல மாதம் பேச்சு இல்லை. அடுத்த கோடை விடுமுறைக்குள் அம்மாவுக்கு முடி வளர்ந்தது. ஆனால் முன்பிருந்த நேரான முடி இல்லை, அந்தக் கத்தி உறைபோலச் சுருள் சுருளாக இருந்தது. மாமா வேறு யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அப்பாவிடம் புகார் சொன்னேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். சரி, இதையாவது கொடுத்தாரே என்று மாமாவை மன்னித்துவிட்டேன்.