கூரையில்லாத தேவாலயத்தில் ஒரு மத்தியானம்

நான் ஓய்வு பெற்றதும் மகள் எனக்கும் மனைவிக்கும் துனிசியாவுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாள். மொன்றியலில் சென்ட் லோரன்ட் பகுதிக் கிடங்கொன்றில் காலமெல்லாம் நின்று வேலை செய்தவனுக்கு ஓய்வு என்றால் கட்டில்தான். அதை மகளிடம் சொல்ல முடியுமா? பனி கொட்டிக்கொண்டிருந்த நாளொன்றில் விமானம் ஏறினோம். அங்கே போனால், தினமும் பஸ்ஸில் ஏற்றிப் பாழடைந்த இடங்களாகப் பார்த்து இறக்கினார்கள். கூட வந்த கியூபெக் கிழவர்கள் கன்றுக்குட்டிகள் மாதிரித் துள்ளித் திரிந்தார்கள். எனக்குப் பார்க்கவே களைத்தது.

ஒரு மத்தியானம் கடலுக்குப் பக்கத்தில் பழைய கிறிஸ்தவப் பேராலயம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். பேராலயம் என்று வழிகாட்டிதான் பிரெஞ்சில் சொன்னான். நான் கண்டது முறிந்த தூண்களும் முட்செடியும் மேலே வெறும் வானமும்தான். முன்பு வாசல் இருந்த இடம் என்று அவன் காட்டியதும் மனைவி குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

“என்ன செய்யிறீர்? முள்ளுக் குத்தப்போகுது.”

“கோயில் எல்லே.”

“சாமியே வெளிக்கிட்டுப் போட்டுது. நீர் என்னத்துக்குச் சப்பாத்துக் கழட்டுறீர்?”

அவள் வெறுங்காலோடு உள்ளே போனாள். சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

அவளுடைய தம்பி இலங்கையில் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். கண்டவர் யாருமில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கும்பிடாத தெய்வமில்லை. மொன்றியல் மலையில் இருக்கும் பெரிய தேவாலயத்தின் படிகளில் வெள்ளைக்காரரோடு சேர்ந்து முழங்காலில் ஏறினாள். ரொறன்ரோவில் புதுக்கோயில் ஒன்று திறந்தால் அடுத்த சனிக்கிழமை நாங்கள் அங்கே நிற்போம். எல்லா இடத்திலும் ஒரே வேண்டுதல்தான்: அவன் திரும்பி வரவேண்டும். ‘இனி வரமாட்டான்’ என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்த சொந்தக்காரரோடு அவள் கதைப்பதையே விட்டுவிட்டாள். சும்மா கிடக்கிற சங்கை ஊதுவானேன் என்று நான் வாயைத் திறப்பதில்லை. கார் மட்டும் ஓட்டினேன். அவன்மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது.

பீடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம், அதில் காய்ந்த புல். அவள் அதன் முன்னால் போய் நின்றாள். இனிக் கண்ணை மூடினால் லேசில் திறக்கமாட்டாள், பஸ்காரன் கத்தப்போகிறான் என்று நினைத்தேன். பாதி தூக்கிய கைகளை அவள் அப்படியே கீழே விட்டாள். பிறகு ஒரு தூணின் அடிக்கல்லில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கும்பிடேல்லையோ?”

“ஆரைக் கேக்கிறது? இஞ்சை ஒருத்தரும் இல்லை.” பள்ளத்தைக் கையால் காட்டினாள். “எத்தினை சனம் இதிலை வந்து நிண்டு அழுதிருக்கும், என்னப்பா?”

“ஓம்.”

“நான் களைச்சுப் போனனப்பா.”

இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அவள் அதைச் சொன்னதில்லை. களைப்பு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சப்பாத்துகளை அவள் காலடியில் வைத்தேன். வழிகாட்டி கூப்பிட்டதும் எழுந்து போனோம்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களில் அவள் தம்பியின் பேச்சை எடுக்கவேயில்லை. மொன்றியலுக்குத் திரும்பி வந்து, பெட்டிகளைக் கூடத்தில் வைத்துவிட்டு இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

“இஞ்சருங்கோ, ஐயரிட்டை ஒருக்காக் கேளுங்கோ,” என்றாள். “செத்த நாள் தெரியாதவைக்கு எந்த நாளிலை திவசம் குடுக்கிறதெண்டு.”

அவள் வாயிலிருந்து இது எப்போது வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவன் நான். கேட்டதும் அழுதது நான்தான்.