செரி மரக் கிண்ணத்தின் அடிப்பக்கம்

ஐந்தாம் மாதத்தில் எங்கள் பிள்ளை இறந்து பிறந்தது. ஹம்பேர்க்கில் இறுதிச்சடங்கு ஏற்பாடுகள் பார்க்கும் மலர்ச்சாலைக்காரர் அடக்கத்துக்கென்று ஒரு வெள்ளை மட்டைப்பெட்டியைக் காட்டினார். சப்பாத்துப் பெட்டி அளவுதான். என் மனைவி அதைத் தொடவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, எங்கட செரி மரம் விழுந்து கிடக்குதெல்லோ. அதில ஒரு கிண்ணமும் மூடியும் கடைஞ்சு தாங்கோ. ஆணி, ஓட்டை ஒண்டும் வேண்டாம். பிள்ளைக்குக் குத்தக் கூடாது."

அடக்கம் வெள்ளிக்கிழமை. மரமோ முந்தின கிழமைப் புயலில்தான் எங்கள் தோட்டத்தில் சாய்ந்தது. உளி வைத்தாலே ஈரம் தெறித்தது. பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் காயக் காயக் கோணும், வெடிக்கும். இதற்குக் காய நேரமே வராது.

நிலவறையில் இருக்கும் என் கடைசல் இயந்திரத்தில் மூடியையும் கிண்ணத்தின் உட்பக்கத்தையும் முடித்துவிட்டேன். மிச்சம் அடிப்பக்கம். இயந்திரம் பிடிப்பதற்காக அங்கே விட்டிருந்த குமிழைச் சீவி எடுக்க வேண்டும். அதற்குக் கிண்ணத்தின் வாயை இயந்திரத்திலுள்ள ஒரு றப்பர் வளையத்தில் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்ச வேண்டும். பிடி அவ்வளவுதான், ஒரு வடுவும் விழாது. காய்ந்த மரமென்றால் பேச்சில்லை. பச்சை மரமோ தன் துளைகளால் காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தது. பிடியின் இறுக்கத்தைக் காட்டும் பம்பின் மானியில் முள் ஏறுவதும் சரிவதுமாக எனக்கு விசரைக் கிளப்பியது. சரிந்த நேரத்தில் உளி பட்டால் கிண்ணம் பறந்துபோய்ச் சுவரில் சிதறும். இன்னொன்று கடைய அந்த மரத்தில் வெடிப்பில்லாத துண்டு கிடையாது.

"சனியன் பிடிச்ச பம்ப்" என்று திட்டியபடி, சமையலறையிலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கிண்ணத்தைச் சுற்றி இறுக்கினேன். முள் ஏறியது. ஆனால் உளியையும் முள்ளையும் ஒன்றாகப் பார்க்க எனக்கென்ன இரண்டு தலையா?

"நான் முள்ளைப் பாக்கிறன்." மனைவி படியில் நின்றாள்.

"நீர் மேல போம். அக்கா அறிஞ்சா என்னை உரிச்சுப்போடுவா."

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து என் அக்கா நாள் தவறாமல் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவள் பச்சை உடம்புக்காரி. காத்துப் பட விடாதை." கையில் பிள்ளை இல்லாவிட்டாலும் உடம்பு பச்சை உடம்புதானே. மனைவி கேட்கவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு மானிக்கு முன்னால் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

இயந்திரத்தை ஓட விட்டு உளியை வைத்தேன்.

"நிக்குது," என்றாள்.

பதறிப்போய் உளியை இழுத்தேன். முள் அசையாமல் தன் இடத்திலேயே இருந்தது. அதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். எனக்கோ ஆஸ்பத்திரி நினைவு வந்துவிட்டது. அங்கே டொக்டர் திரையைப் பார்த்து ஜெர்மன் மொழியில் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான்: "இதயம் நிண்டிட்டுது."

அவளுக்கும் விளங்கிவிட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "சரி, அந்தச் சொல் வேண்டாம். நீங்கள் வெட்டுங்கோ."

மறுபடி உளியை வைத்தேன்.

"இருக்குது," என்றாள். "இருக்குது... இருக்குது..."

அந்தக் குரலை நம்பித்தான் வெட்டினேன். ஈரச் சீவல்கள் என் கையில் ஒட்டின. குமிழ் சிறுத்துச் சிறுத்து ஒன்றுமில்லாமல் போனது. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறும் இல்லை. இயந்திரத்தை நிறுத்தினேன். பம்ப் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுது. பம்பை நிப்பாட்டட்டே?"

அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள். "இன்னும் இருக்குது."