நியூட்ரலில் நின்ற வண்டியும் என் காலும்

என் கொழுந்தனுக்கு, அதாவது என் கணவரின் தம்பிக்கு, ஒழுங்காக ஓடும் எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். என் காரில் கம்பெனியே வைத்த காற்று ஃபில்டர் பெட்டி அவர் கண்ணை உறுத்தியது. அதைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கிய பளபளக்கும் குழாயும் கூம்பு ஃபில்டரும் மாட்டினால் “வண்டி சும்மா பறக்கும் அண்ணி” என்றார். எனக்குப் பறக்க வேண்டியதில்லை. மைசூரிலிருந்து குண்டலுபேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டுத் திரும்பினால் போதும். அந்த வேலையையே காரை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

நல்ல நாளாக இருக்கட்டும் என்று ஆயுத பூஜையன்று வேலையை வைத்துக்கொண்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் முதல் மிக்ஸி வரை பொட்டு வைக்காமல் எதுவும் தப்பாது. பழைய பெட்டியிலிருந்து கழற்றியவை, புதிதாக வாங்கியவை எல்லாவற்றையும் தாம்பாளத்தில் பரப்பி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் மாட்டினாராம். நான் சமையலறையில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது பானெட்டை மூடி, சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாகிவிட்டது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். விடுமுறை முடிந்து கிளம்பிய அன்று, அக்ரஹாரம் சிக்னலில் நின்றதுமே வண்டி குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறியது. மீட்டர் முள் ஏறி இறங்கி, கடைசியில் எஞ்சின் அணைந்தேபோனது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “ஏன் மேடம், காடி கலீத்தா இத்தீரா?” என்றார். வண்டி கற்றுக்கொள்கிறேனாம். வருஷக்கணக்காக இதே ரோட்டில் ஓட்டுகிறவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. வண்டி ஓடும்போது ஓரளவு பரவாயில்லை, நின்றால்தான் இந்த ஆட்டம்.

வீட்டில் சொன்னேன். கொழுந்தன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “நான் மாட்டுனதுல ஒரு குறையும் இல்லீங்க அண்ணி. நீங்க கிளட்ச்சுல கால வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க, அதான்” என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் கிளாம்ப்புகளை முறுக்கினார், குழாயில் எங்காவது காற்றுக் கசிகிறதா என்று தடவிப் பார்த்தார், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். உதறல் நிற்கவில்லை. கடைசியில், பக்கத்திலேயே நிற்கும் என்னை விட்டுவிட்டு என் கணவரிடம், “வண்டிய மேடம் ஓட்றாங்களா சார்?” என்று கேட்டார். அத்தோடு வழக்கு முடிந்தது. சாவி என் கணவரின் சட்டைப்பைக்குப் போனது.

“கொஞ்ச நாளைக்கு பஸ்ல போ. தம்பி ஓட்டிப் பாக்கட்டும்” என்றார். பஸ்ஸில் போனால் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர முடியாது. தலைமையாசிரியை இரண்டொரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். செய்யாத குற்றத்துக்குக் காரும் போய் வேலையும் போகப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி யோசித்தேன். ஐடிலிங் என்பது என்ன? கியர் கிடையாது, ஆக்ஸிலேட்டர் கிடையாது, எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது. யாருமே ஓட்டாதபோது வருகிற கோளாறுக்கு ஓட்டுகிறவள் எப்படிக் குற்றவாளி ஆவாள்? மூன்று ஆண்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. போகவர ஃபோனில் கார் ரிப்பேர் வீடியோக்களைப் பார்த்துத் தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பி இருவரையும் காரிடம் கூப்பிட்டேன். “ஏங்க, நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணிட்டுக் கீழ எறங்குங்க.” இறங்கினார். காலியான வண்டி குலுங்கியது. “இப்ப உள்ள யாரு கால் இருக்குது?” என்று கேட்டேன்.

எஞ்சினை அணைக்கச் சொல்லி, புதுக் குழாயில் செருகியிருந்த சென்சாரின் வயரைக் கழற்றினேன். உள்ளே போகும் காற்றை அளந்து சொல்வது அதுதான். அந்த அளவை வைத்துத்தான் பெட்ரோல் போகும். அளவு வராவிட்டால் எஞ்சின் ஓர் உத்தேசக் கணக்கில் ஓடிக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் உதறல் இல்லை. அதன் தப்புக் கணக்கு காதில் விழாதவரை எஞ்சின் ஒழுங்காகத்தான் இருந்தது. வண்டியை நிறுத்தி, திருகுகளை எடுத்து, சென்சாரை வெளியே இழுத்தேன். காற்றை அளக்கும் மெல்லிய கம்பி இருக்கிற துளையில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய சென்சாரும் அன்று தாம்பாளத்தில்தான் இருந்திருக்கிறது. அதற்கும் பக்தியாகப் பொட்டு வைத்துத்தான் கொழுந்தன் மாட்டியிருக்கிறார்.

“சாமிக்கு வெச்ச சந்தனம் அண்ணி, அது என்ன பண்ணப்போவுது? சும்னே கோவப்படாதீங்க” என்றார், ‘சும்மா’வைக் கன்னடத்தில் சொல்லி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. முகத்துக்கு நேரே நீட்டினேன், அவர் ஃபோனைப் பார்த்தார். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை நானே வாங்கிவந்து அடித்து, காயவைத்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் நியூட்ரலில் உதறாமல் ஓடியது.

கையை நீட்டினேன். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். என் கணவர் சாவியைத் தந்து, “இனிமே பாத்து ஓட்டு” என்றார்.

தம்பியிடம் “பாத்து மாட்டு” என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.